முழுமையாகக் குணமடைந்த ஜெக்ஷென்

கிர்கிஸ் மலையில் இருக்கும் எங்கள் காரா-தோக்கோய் மருத்துவமனையைக் குறை சொல்கிறவன் நன்றி கெட்டவன் என்று தலைமை மருத்துவர் ராயிம்பெக் ஒஸ்மோனோவிச் வருஷா வருஷம் மேடையேறிச் சொல்வார். நான் நன்றி கெட்டவன் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுப் போகிறேன். அதில் உங்களுக்குக் குறை ஏதாவது தெரிந்தால் அது உங்கள் கண்ணின் கோளாறு.

ஜெக்ஷென் என் அக்கா புபுசாராவின் புருஷன். மலைமேல் குதிரை வளர்ப்பவர். ஒரு கல்யாண விருந்தில், குதிரைமேல் இருந்தபடி செத்த ஆட்டின் உடலுக்குப் போட்டி போடும் கோக்-போரு ஆடும்போது, ஆட்டுடலைப் பறித்துத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு பாய்ந்தார். குதிரை இடறியது. சேணத்தின் முன்கொம்பின் மேல் இரண்டு காலும் விரிந்தபடி நச்சென்று வந்து உட்கார்ந்தார். வலியில் முகம் நீலமாகிவிட்டது. ஆனாலும் ஆட்டுடலை விடவில்லை. கூட்டம் கைதட்டியது. மாப்பிள்ளை வீட்டார் அவருக்கு ஒரு கம்பளம் பரிசு கொடுத்தார்கள்.

கம்பளம் இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது. அவர்தான் அன்றோடு பழுதானார். அடிபட்ட இடத்தில் உள்ளே தழும்பு விழுந்து, மூத்திரம் போகும் வழி சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் கயிறு மாதிரி போனது, பிறகு நூல் மாதிரி, பிறகு சொட்டு. கூடாரத்துக்குப் பின்னால் போனவர் திரும்பி வருவதற்குள் நாங்கள் ஒரு கெண்டி தேநீரைக் குடித்து முடித்திருப்போம். "என்ன ஜெக்ஷென், ஆத்துக்குக் குறுக்கே அணை கட்டிட்டாங்களா?" என்று ஆட்கள் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வேறென்ன செய்வார், பாவம்.

மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். ராயிம்பெக் ஒஸ்மோனோவிச் ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே வளைந்த எஃகுக் கம்பிகள், மெல்லியதிலிருந்து தடிமன் வரை, வரிசையாக மின்னின.

"இது என் ஆசானோட கம்பி. அதுக்கு முன்னாடி அவரோட ஆசானோடது," என்றார். "இதை உள்ளே விட்டு வழியை அகலப்படுத்துவோம். இந்த மலைத்தொடர்ல பாதி ஆம்பளைங்க இந்தக் கம்பியாலதான் திறந்திருக்காங்க."

"திறந்தா எவ்வளவு நாள் நிக்கும் டாக்டர்?" என்று ஜெக்ஷென் கேட்டார்.

"அடுத்த தடவை வரைக்கும்," என்றார் அவர் பெருமையோடு.

அப்படியே நடந்தது. கம்பி போகும், ரத்தம் வரும், வழி திறக்கும். ரத்தம் வந்த இடத்தில் புதுத் தழும்பு விழும், வழி மூடும். மறுபடி கம்பி. உள்ளே போகும்போது ஜெக்ஷென் தன் தொப்பியைப் பல்லில் கடித்துக்கொள்வார். கடைசியில் ஒருநாள் மெல்லிய கம்பிகூட நுழைய மறுத்தது. வயிறு பானை மாதிரி வீங்கி அலறியவருக்கு, அடிவயிற்றில் துளை போட்டு ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அதன் முனையில் ஒரு பையைக் கட்டிவிட்டார்கள். குதிரைக்காரன் இடுப்பில் மூத்திரப் பை! சேணத்தில் ஏறினால் குழாய் இழுக்கும். விருந்துக்குப் போனால் வாடை வரும். அவர் எங்கும் போவதை நிறுத்திக்கொண்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மிர்லான் என்ற இளம் அறுவை மருத்துவர் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தான். வெளிநாட்டில் போய் இந்த ஒரு வேலையையே கற்றுக்கொண்டு வந்தவன். ஜெக்ஷெனைப் பரிசோதித்துவிட்டு என்னையும் அக்காவையும் உட்காரவைத்து விளக்கினான்.

"கம்பியே தப்பு. தழும்பைக் கீறித் திறக்கணும். கன்னத்துக்கு உள்பக்கத் தோல்ல ஒரு துண்டு எடுத்து அங்க ஒட்டுப் போட்டுத் தைக்கணும். வாய்க்குள்ள இருக்கற தோல் எப்பவும் ஈரத்துலயே கிடந்து பழகினது. அங்கேயும் நல்லாப் பிடிச்சுக்கும். காலைல ஆரம்பிச்சா மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சுடும்."

"மறுபடி குதிரை ஏறலாமா தம்பி?" என்று ஜெக்ஷென் கேட்டார்.

"சில மாசம் பொறுத்து ஏறலாம் அண்ணே. ஆனா ஒண்ணு, தள்ளிப் போடக் கூடாது. உள்ளே கிருமி ஏறி ரெண்டு சிறுநீரகமும் வீங்கியிருக்கு. வர்ற குளிர்காலத்தைத் தாங்கறதே கஷ்டம். அதுக்குள்ள வழியைத் திறந்தாகணும்."

அப்போது வசந்தகாலம். மலையில் இன்னும் புல்கூட முளைக்கவில்லை. நிறைய நேரம் இருக்கிறது என்று நினைத்தோம். ஜெக்ஷென் வீடு வரும்வரை நாக்கால் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

புதுவிதமான சிகிச்சை என்றால் நன்னெறிக் குழு சம்மதிக்க வேண்டும் என்று அமைச்சகத்தில் ஒரு விதி உண்டாம். ராயிம்பெக் ஒஸ்மோனோவிச் விதியை மீறாதவர். உடனே ஊர்ப் பெரியவர்களான மூன்று அக்சகால்களைக் கூட்டிக் குழு அமைத்தார். ஒருவர் அவருக்கு முன்பு தலைமை மருத்துவராக இருந்தவர். இன்னொருவர் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். மூன்றாமவர் கோக்-போரு நடுவர், காயத்தைப் பற்றித் தெரிந்தவர் வேண்டும் என்பதற்காக. மூவரும் உயரமான வெள்ளைத் தொப்பியோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒரு கிடாய் அறுக்கப்பட்டது. கிடாய் எங்களுடையது.

"வாய்த் தோலா?" என்றார் பழைய தலைமை மருத்துவர். "ரொட்டி போற வாய். ஆசி சொல்ற வாய். அந்தத் தோலைக் கொண்டுபோய் அந்த எடத்துல வெக்கறதா? நாளைக்கு இவன் ஒரு கல்யாணத்துல ஆசி சொன்னா அது எங்கேருந்து வருதுன்னு யாருக்குத் தெரியும்?"

"ஆட்டுத் தோலை வெச்சா என்ன?" என்றார் கால்நடை மருத்துவர்.

"ஒட்டாதுங்க ஐயா," என்றான் மிர்லான்.

"ஆடு எப்போப்பா நம்மள விட்டு விலகியிருக்கு?"

நடுவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அந்த ஆட்டத்தில் ஜெக்ஷென் விழுந்தது எதிரணியின் விதிமீறலாலா அல்லது தன் தவறாலா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்றார். அதிலேயே பொழுது சாயும்வரை பேச்சு நடந்தது. விதிமீறல் இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானமானது.

பிறகு பழைய தலைமை மருத்துவர் ஜெக்ஷெனை எழுந்து நிற்கச் சொன்னார். "இதோ பார் தம்பி. தோல் உன்னோடதுன்னு நீ நினைக்கறே. அது உன் ஏழு தகப்பன்மாரோடது. அவங்க சம்மதம் வேணும். பேரைச் சொல்லு."

ஏழு தலைமுறை பேர் தெரியாதவன் கிர்கிஸ்ஸே இல்லை. ஜெக்ஷெனுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஆனால் அன்று அவருக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. "ஜெக்ஷென். அப்பா சாரிபாய். சாரிபாயோட அப்பா துர்து. துர்துவோட அப்பா எல்சிபெக்..." என்று ஆரம்பித்து, ஆறாவது பேரில் நின்றுவிட்டார். நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது. என் வாய் வரைக்கும் அந்தப் பேர் வந்துவிட்டது. மற்றவர் எடுத்துக் கொடுக்கக் கூடாதாம்.

"பேரே தெரியாத ஆள்கிட்ட எப்படிச் சம்மதம் கேக்கறது?" என்று அவர் கூட்டத்தைக் கலைத்துவிட்டார். அடுத்த கூட்டம் புல் அறுவடை முடிந்த பிறகுதான். அக்சகால்களுக்கும் புல் அறுக்க வேண்டுமே.

அடுத்த கூட்டத்தில் ஜெக்ஷென் ஏழு பேரையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். இன்னொரு கிடாய் போயிற்று. ராயிம்பெக் ஒஸ்மோனோவிச் தீர்ப்பைப் படித்தார்:

"சில பேர் நம்மளைப் பின்தங்கினவங்கன்னு சொல்றாங்க. நாம பின்தங்கலை. நிதானமா முன்னேறறோம். இடது கன்னத்துலேருந்து எடுக்கலாம். வலது கன்னம் ரொட்டிக்கும் ஆசிக்கும் அப்படியே இருக்கட்டும்."

"ரெண்டும் ஒரே வாய்தானே சார்," என்று மிர்லான் மெல்லச் சொன்னான்.

"படிச்ச திமிரு," என்றார் நடுவர்.

"சரி சார், நாளைக்கே பண்ணிடறேன்," என்றான் மிர்லான்.

ராயிம்பெக் ஒஸ்மோனோவிச்சின் முகம் வாடிவிட்டது. "நாளைக்கா? இந்த மாகாணத்துலயே முதல் சிகிச்சை! இதைப் போய் ஆளில்லாத நேரத்துல செய்யலாமா? நாம என்ன திருடனுங்களா? இலையுதிர் காலத்துல நம்ம மருத்துவமனையோட ஆண்டுவிழா வருது. தலைநகர்லேருந்து பெரிய விருந்தாளி வர்றார். அவர் கண் முன்னால செய்வோம்."

நாங்கள் காத்திருந்தோம். ஜெக்ஷெனுக்குக் காய்ச்சல் வந்து வந்து போனது. அக்கா குழாயைக் கழுவிக் கழுவிக் கை வெந்துபோனாள்.

ஆண்டுவிழாவன்று மருத்துவமனை முற்றத்தில் வெள்ளைக் கூடாரம் எழும்பியது. ஒரு குதிரை, நிறைய ஆடுகள் அறுத்தார்கள். எண்ணெயில் பொரிந்த போர்சோக் ரொட்டியின் வாடை நோயாளிகள் அறை வரைக்கும் வந்தது. ஜெக்ஷென் முந்தின மாலையிலிருந்து பட்டினி. எனக்கு விருந்தாளிகளுக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றும் வேலை. கெண்டியும் துண்டுமாகக் கூடாரத்துக்கும் சிகிச்சை அறைக்கும் ஓடிக்கொண்டிருந்தேன்.

விருந்தாளியின் கார் வளைவில் தெரிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். உடனே ஜெக்ஷெனின் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். மிர்லான் கைகழுவி, உறை மாட்டி, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு நின்றான். கத்தியை எடுக்கப் போனபோது ராயிம்பெக் ஒஸ்மோனோவிச் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"வை கீழே! விருந்தாளி முன்னால இப்போதான் ஆட்டுத்தலையை வெச்சிருக்கோம். அவர் இன்னும் கத்தி எடுக்கலை. விருந்தாளி கத்தி எடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்காரன் கத்தி எடுப்பானா? எந்த வீட்டுல பார்த்திருக்கே?"

"சார், அது ஆட்டுத்தலை வெட்டற கத்தி!"

"கத்தி கத்திதான்," என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்கு ஓடினார்.

நானும் பின்னால் ஓடினேன். கௌரவ இடத்தில் விருந்தாளி உட்கார்ந்திருந்தார். நல்ல பருமனான ஆள். அவர் முன்னால் அவித்த தலை ஆவி பறந்துகொண்டிருந்தது. கத்தியைக் கையில் எடுத்தார். எனக்கு உயிர் வந்தது. எடுத்த கத்தியால் காற்றில் கோடு போட்டபடி, "மக்கள் ஆரோக்கியம்னா என்ன?" என்று ஆரம்பித்தார். பேசி முடித்ததும் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு மரியாதையாகக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து அவரை வாழ்த்தினார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் அவர் பதில் வாழ்த்து சொன்னார். ஆட்டுத்தலையில் ஆவி நின்று கொழுப்பு உறைந்துபோனது.

சிகிச்சை அறைக்குத் திரும்பினேன். மிர்லான் அப்படியே கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். கண் சிவந்திருந்தது.

"மாப்ள," என்று ஜெக்ஷென் கூப்பிட்டார். "கால் கட்டைவிரல் அசையுது பாரு. முடிஞ்சிடுச்சா?"

"இல்ல மச்சான். பேசிட்டிருக்காங்க."

"என்னைப் பத்தியா?"

"ஆரோக்கியத்தைப் பத்தி."

மறுபடி ஊசி போட மருந்து இல்லை. வந்திருந்த ஒரே மயக்க மருத்துவரையும் கூடாரத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டு போயிருந்தார்கள், அவர் நன்றாகப் பாடுவார் என்பதற்காக. வெயில் இறங்கும் நேரத்தில் விருந்தாளி ஒருவழியாக வழக்கப்படி ஆட்டுக்காதை அறுத்துப் பக்கத்திலிருந்த சிறியவனுக்குக் கொடுத்தார். கொடுத்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வட்டாரத்திலும் அவருக்காக ஒரு தலை காத்திருந்ததாம். கிளம்பும் வழியில் சிகிச்சை அறை வாசலில் கட்டியிருந்த ரிப்பனை வெட்டினார். தொலைக்காட்சிக்காரர்கள் பின்னால் நெருக்க, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் பெரியவர் ஒருவர் நலம் விசாரித்தால் பதில் ஒன்றுதான். சாகக் கிடக்கிறவனும் அதைத்தான் சொல்வான். ஜெக்ஷென் படுத்தபடியே கையை நெஞ்சில் வைத்து, முகமெல்லாம் சிரிப்பாக, "நல்லா இருக்கேனுங்க, உங்க தயவுல," என்றார்.

விருந்தாளி ஒலிவாங்கியைக் கையில் வாங்கிக்கொண்டார். "பார்த்தீங்களா? சிகிச்சை முடிஞ்ச கையோட நோயாளி சிரிக்கறார், பேசறார்! இப்படி எந்த நாட்டுல நடக்கும்?" என்றார். முற்றமே எழுந்து கைதட்டியது. காரில் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கே தொலைக்காட்சியில் வந்துவிட்டது. மாகாணத்தின் முதல் கன்னத்தோல் சிகிச்சை, முழு வெற்றி.

மறுநாள் காலையில் மிர்லானும் நானும் ராயிம்பெக் ஒஸ்மோனோவிச்சின் அறைக்குப் போனோம்.

"சார், இன்னைக்குப் பண்ணிடறேன்," என்றான் மிர்லான்.

"எதை?"

"ஜெக்ஷென் அண்ணனோட சிகிச்சையை."

"முடிஞ்ச சிகிச்சையை எப்படிப்பா மறுபடி பண்ணுவே?" அவர் உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார். "மறுபடி பண்ணினா முதல் தடவை தோத்துப்போச்சுன்னு ஆகாதா? நம்ம சோத்தைத் தின்னுட்டுப் போன விருந்தாளியைப் பொய்யனாக்கறதா? நீயெல்லாம் ஒரு கிர்கிஸ்ஸா?"

"சார், அவர் உடம்புல ஒரு கீறல்கூட விழலை!"

ராயிம்பெக் ஒஸ்மோனோவிச்சின் கண்கள் பனித்தன. "அதுதாம்ப்பா நம்ம சாதனை. தழும்பே இல்லாத அறுவை. உலகத்துல யாராவது செஞ்சிருக்காங்களா?"

நான் மேஜையைக் குத்தினேன். கத்தினேன். காவல்காரர்கள் வந்து மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அந்த வாரமே வெற்றிக்குப் பரிசாக மிர்லானுக்குத் தலைநகரில் அமைச்சக அலுவலகத்தில் பதவி கொடுத்தார்கள். பெரிய நாற்காலி, கத்தி கிடையாது. அவன் போகும்போது எங்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் சொன்னபடியே ஜெக்ஷெனைத் தலைநகரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த மருத்துவர், "அட, டிவில வந்தவர்! உங்களுக்குத்தான் ஆயிடுச்சே. ஒரு வருஷம் ஆறட்டும், அப்புறம் வாங்க பார்க்கலாம்," என்று கைகுலுக்கி அனுப்பினார். ஜெக்ஷெனிடம் சட்டையைத் தூக்கிக் குழாயைக் காட்டச் சொன்னேன். காட்டினார். அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டு, "ஆறும், ஆறும்," என்றார்.

பனி இறங்கி மலைக்கணவாய் மூடியது. குழாய் அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் ஊர் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அங்கே செவிலி தலையைக் குனிந்துகொண்டு, "குணமானவங்களுக்குக் குழாய் தரக் கூடாதாம் அண்ணே. என் கையில ஒண்ணும் இல்ல," என்பாள். சந்தையில் எங்கெங்கோ தேடி நான் வாங்கி வந்ததை அக்காவே மாற்றினாள். மூத்திரம் கலங்கி, பிறகு சிவந்து, பிறகு வருவதே குறைந்தது. ஜெக்ஷெனின் முகமும் காலும் வீங்கின. பாதி நேரம் தூங்கினார். ஒருநாள் கண்ணைத் திறந்து, "டிவில நான் நல்லாத்தானே இருந்தேன் மாப்ள?" என்று கேட்டார். நல்லா இருந்தீங்க மச்சான் என்றேன். பனி உருகுவதற்கு முன்பே போய்விட்டார்.

சாவுக் கூடாரம் போட்டோம். நான் இடுப்பில் துணியைக் கட்டி, கோலை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே அக்கா கருப்புத் துணி போர்த்தி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் கார்கள் வந்து நின்றன. ராயிம்பெக் ஒஸ்மோனோவிச் இறங்கி, வழக்கப்படி தூரத்திலிருந்தே, "ஐயோ என் தம்பி! என்னை விட்டுட்டுப் போயிட்டியே, என் மலையே!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவருடைய ஆட்களும் கூடவே அலறினார்கள்.

அக்கா குரலை உயர்த்தினாள். கம்பி போனதைப் பாடினாள். தொப்பியைக் கடித்ததைப் பாடினாள். கிடாய்களைப் பாடினாள், பட்டினி கிடந்ததைப் பாடினாள், கத்தி காத்திருந்ததைப் பாடினாள். விதவை ஒப்பாரியை யாரும் நிறுத்தக் கூடாது, பாதியில் நகரவும் கூடாது. ராயிம்பெக் ஒஸ்மோனோவிச் கடைசிவரை தலைகுனிந்து நின்று கேட்டார். முடிந்ததும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "என்ன குரல்! அடுத்த ஆண்டுவிழாவுல மேடையேத்தணும்," என்றார். எனக்கு அவர் குரல்வளையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. கோல்தான் கையில் இருந்தது. பிணம் வைத்த வீட்டில் கை நீட்டக் கூடாது.

அப்போது உடலைக் கழுவிக்கொண்டிருந்த இடத்திலிருந்து, சாவுச் சடங்கு நடத்தும் மதகுரு மோல்டோ வெளியே வந்தார். கைகளில் தண்ணீர் சொட்டியது.

"டாக்டர் இருக்காரா? நல்லதாப் போச்சு. வயித்துல ஒரு குழாய் இருக்கு. எடுத்துட்டுப் புதைக்கறதா, அப்படியே விடறதா? நாங்க கை வெக்கறதுக்குப் பயமா இருக்கு. நீங்களே வந்து எடுத்துடுங்க."

முற்றத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் ராயிம்பெக் ஒஸ்மோனோவிச்சைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"எந்தக் குழாய்?" என்றார்.

கூடாரத் திரை விலகியது. அக்கா எழுந்து வெளியே வந்தாள். புருஷன் உடலைத் தொடப் பொண்டாட்டிக்கு உரிமை உண்டு என்பதால் மோல்டோ வழிவிட்டார். அவள் உடல் கழுவும் இடத்துக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். சாவு வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் கிழித்துக் கொடுக்கிற வெள்ளைத் துணியில் ஒரு துண்டு, மடித்து, இரண்டு கையிலும் ஏந்தியிருந்தாள். அந்தத் துணியை வேண்டாம் என்று எங்கள் மலையில் எவனும் சொன்னதில்லை. ராயிம்பெக் ஒஸ்மோனோவிச்சும் சொல்லவில்லை. எல்லோரும் பார்க்க இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்சட்டைப் பைக்குள் வைக்கப் போனபோதுதான் துணி ஈரமாக இருப்பது அவருக்குத் தெரிந்தது.

"இந்தக் குழாய்தான் டாக்டர்," என்றாள் அக்கா.